சண்டைக்கு முந்தின ஸ்னோ

மலாக்காவில் எங்கள் காஜா பேராங்குக்கு வந்து சிவகாமசுந்தரி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்னோக்கா வீடு என்று கேட்டால் தெருச் சடக்கில் விளையாடுகிற பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போகும். முகத்தில் பூசுகிற ஸ்னோவால் ஒருத்திக்கு இத்தனை பெயர் வருமா என்று கேட்பீர்கள். வந்தது. அந்தப் பெயர் எப்படி வந்தது, எப்படிப் போனது, போன பிறகு வெட்கமில்லாமல் எப்படித் திரும்பி வந்தது என்று முழுக்கத் தெரிந்தவள் நான்தான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும்.

அவள் புருஷன் ராஜரத்தினம் சண்டைக்கு முன்னால் ஆற்றோரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கிராணியாக, சரக்குக் கணக்கு எழுதுகிறவராக இருந்தார். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வர நாலைந்து நாள் இருக்கும்போதே கம்பெனித் துரை கப்பலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டான். கிடங்கில் இருப்பதில் ஆளுக்கொரு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், எதிரிக்கு விட்டுவைக்காதீர்கள் என்று போகிற போக்கில் சொன்னானாம். மற்றவர்கள் அரிசி, சீனி, மீன் டின் என்று விவரமாகத் தூக்கினார்கள். நம் கிராணி டின் பால் பெட்டி என்று நினைத்து ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எழுத்து இருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்திருக்கிறது. தினமும் நூறு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனுஷன், தன் வீட்டுக்கென்று எடுத்த ஒரே பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

குண்டுக்குப் பயந்து எங்கள் இரண்டு குடும்பமும் செங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் ஒண்டியிருந்தோம். அங்கேதான் பெட்டியை உடைத்தார். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் வெள்ளைக் கண்ணாடிப் புட்டிகள், நாலு டஜன். மூடியில் தோகை விரித்த மயில். ராஜரத்தினம் ஒன்றைத் திறந்து நக்கிப் பார்த்து, காறித் துப்பி, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரிக்கிற காலமில்லை அது, ஆனாலும் சிரித்தோம்.

சிவகாமி மட்டும் சிரிக்கவில்லை, புருஷனைத் திட்டவும் இல்லை. புட்டியை வாங்கி, அவர் எச்சில் பட்ட இடத்தைச் சேலை முந்தியால் துடைத்து, மூடித் திரும்ப வைக்கோலுக்குள் வைத்தாள். ஒருத்தி அப்படிப் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றரை வருஷம் மரவள்ளிக் கிழங்கைத் தின்றோம். ராஜரத்தினம் ஸ்னோவைக் கொடுத்து ஒரு கோழியாவது வாங்கலாம் என்று மலாய்க்காரர் கிராமங்களில் கம்போங் கம்போங்காக அலைந்து பார்த்தார். கோழிக்காரர்கள் முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பினார்கள். பசியில் கிடக்கிறவனுக்கு முகம் வெளுத்து என்ன ஆகப்போகிறது? புட்டிகள் குடிசைக்குள் மண்ணைத் தோண்டிப் புதைக்கப்பட்டன. நாங்களும் மறந்துபோனோம்.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது ஜனங்களுக்கு ஒரு புதுக் கிறுக்கு பிடித்திருந்தது. எதை வாங்கினாலும், இது சண்டைக்கு முந்தினதா பிந்தினதா என்ற கேள்விதான். சைக்கிள், குடை, கத்தரிக்கோல், தையல் மிஷின் என்று எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. முந்தினது என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பிந்தினது என்றால் தகரம் என்று தள்ளிவிடுவார்கள். துருப்பிடித்துக் கால் உடைந்த ஒரு நாற்காலி, சண்டைக்கு முந்தினது என்ற ஒரே தகுதியில் எங்கள் கோயில் தலைவருக்கு இருக்கையாக இருந்தது. அதில் உட்கார்ந்து அவர் இரண்டு தடவை விழுந்தார். அப்போதும் நாற்காலியை மாற்றவில்லை, தலைவரைத்தான் மாற்றினோம்.

இப்படிப்பட்ட ஊரில், மண்ணிலிருந்து தோண்டி எடுத்த நாலு டஜன் ஸ்னோவோடு ஒருத்தி வந்து இறங்கினால் என்ன ஆகும்? நாற்பத்தாறில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு முகத்தில் போட ஊரில் நல்ல பவுடர்கூடக் கிடைக்கவில்லை. சிவகாமி ஒரு பட்டுத் துணியில் சுற்றிய புட்டியோடு வந்தாள். கூட்டத்துக்கு நடுவில் துணியை மெல்லப் பிரித்தாள். மயிலைக் காட்டினாள்.

“சண்டைக்கு முந்தின சாமான். துரை ஊட்டு அம்மாமாருங்க போட்டது. இப்ப லண்டன்லயே கெடைக்காது.”

லண்டனில் கிடைக்காது என்று இவளுக்கு யார் சொன்னது? யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று அந்த ஸ்னோ நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் முகம் பளிச்சென்று இருந்தது. சிவகாமிக்கு முதல் தாம்பூலம் கொடுத்தார்கள். செங்கில் எல்லோரும் சிரித்த பெட்டிக்கு அன்று மரியாதை வந்தது. அதிலிருந்து கல்யாணம், சடங்கு, வளைகாப்பு எதுவானாலும் முன்வரிசைப் பாய் அவளுக்கு. ஸ்னோவை அவள் விற்கவே மாட்டாள். “இது வியாபாரச் சாமானில்ல” என்பாள். ஒரு விரல் நுனிக்குத் தொட்டு உங்கள் கன்னத்தில் வைப்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு விரலுக்காகத் தெங்கேராவிலிருந்துகூட ஆள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

தன் முகத்தில் மட்டும் அவள் ஒரு நாளும் போட்டுக்கொண்டதில்லை. கேட்டால், “நமக்கெதுக்கு, நாலு பேருக்கு இருக்கட்டும்” என்பாள். தியாகம் என்று நினைத்தோம்.

ஐம்பதாம் வருஷம் பிறந்தபோது ஸ்னோவுக்கு வயசு தெரிய ஆரம்பித்தது. ஈரம் வற்றிக் கண்ணாடியை விட்டுச் சுருங்கிவிட்டது. புட்டியை ஆட்டினால் உள்ளே கட்டி உருண்டு டொக்கு டொக்கென்று சத்தம் வரும். சிவகாமி அதில் பன்னீர் ஊற்றிக் கரைத்தாள். அடுத்த வருஷம் பன்னீருக்கு மசியவில்லை, தேங்காய் எண்ணெய் ஊற்றி அம்மியில் வைத்து அரைத்தாள். பலகைச் சுவர் வழியாக அம்மி ஓசை எனக்குக் கேட்கும். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பானது. நனைந்து காயாமல் மடக்கி வைத்த குடையைப் பிரித்தால் ஒரு நெடி அடிக்குமே, அந்த நெடி.

கன்னத்தில் வைத்தவுடன் எரியத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். யாராவது முகத்தைச் சுளித்தால் சிவகாமி குனிந்து கேட்பாள்:

“எரியுதா?”

“எரியுதுக்கா.”

“அப்ப வேல செய்யுது. பழசாக ஆகத்தான் வீரியம் ஏறும்.”

நாங்கள் தலையாட்டினோம். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, ஆமாம் அக்கா, வேலை செய்கிறது அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நாங்கள் அவ்வளவு புத்திசாலிகள்.

எங்கள் பக்கத்தில் புத்தியுள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார், கடை வைத்திருந்த இப்ராஹீம் நானா. சோப்பு, சீப்பு, அத்தர், பவுடர், ஸ்னோ எல்லாம் அவர் கடையில் உண்டு. அவருக்கு ஒரு வழக்கம். ஸ்னோ, கிரீம் எது வந்தாலும் அடியைத் திருப்பி, வந்த தேதியைப் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்றுவார். ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் நான் சோப்பு வாங்கப் போனபோது, நாலைந்து ஸ்னோப் புட்டிகளைத் தோண்டிச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். நல்ல வெள்ளையாக, வாசனையாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

“ஏன் நானா, நல்லாத்தான இருக்கு?”

“ரெண்டு வருஷம் தாண்டிடிச்சு தங்கச்சி. மூடி தொறக்காம இருந்தாலே அவ்வளவுதான் தாங்கும். தொறந்துட்டா ஒரு வருஷம். அதுக்கு மேல மூஞ்சில போடக்கூடாது.”

“எங்க ஸ்னோக்கா பதினஞ்சு வருஷத்துச் சாமானைப் போடுறாங்களே?”

நானா புட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். “அவங்க சாமானைப் பத்தி நான் பேசக்கூடாது. ஆனா ஒங்க புள்ளைக்குப் போடாதீங்க” என்றார். புதுசை விற்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டு வந்தேன். காசு கொடுத்து வாங்கும் புத்தியைத்தான் சந்தேகப்படுவேன், சும்மா கிடைக்கும் முட்டாள்தனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வேன். என் குணம் அப்படி.

அந்த மாதம் முழுக்க ஊர் ஒரே பரபரப்பாக இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். பண்டார் ஹிலிர் திடலில் எல்லா இனத்தாரும் ஆட்டம் பாட்டம் நடத்தப்போகிறார்கள் என்றும், இந்தியர்கள் சார்பாகக் காஜா பேராங் பெண் பிள்ளைகள் கோலாட்டம் ஆட வேண்டும் என்றும் பள்ளிக்கூடத்துத் தேவதாஸ் மாஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார். பத்துப் பிள்ளைகள், எல்லாம் பதின்மூன்று வயசுக்கு மேலே கீழே. என் மகள் அஞ்சலை இரண்டாவது வரிசை. சிவகாமியின் மகள் சீதா முன்னால், புதுக் கொடியைப் பிடித்துக்கொண்டு. சீதா நன்றாக ஆடுவாள், கால் காற்றில் எழுதுகிற மாதிரி போகும். அவளை முன்னால் நிறுத்தியதில் எனக்குக் குறையில்லை. இருந்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை.

மெர்டேக்கா அன்று சீதாவைத் திடலின் நடுவில் பார்ப்பதற்காகவே சிவகாமி உயிரோடு இருக்கிற மாதிரி நடந்துகொண்டாள். சேலை வாங்கி மூன்று தடவை மடிப்புப் பிரித்து மடித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு, “எம்புள்ள கொடி புடிச்சுக்கிட்டு நடக்கறதப் பாத்துட்டா போதும்” என்று அவள் புருஷனிடம் சொல்வது தினமும் கேட்கும். செங்கில் காட்டோரத்தில் கிழங்கு தின்றபோது வயிற்றில் வந்த பிள்ளை அது. அவள் ஆசைப்பட்டதில் எந்தத் தப்பும் இல்லை.

தாய்மார்கள் கூட்டத்தில் மாஸ்டர், பிள்ளைகளின் முகத்துக்கு நானா கடையில் ரெண்டு புட்டி புது ஸ்னோ வாங்கிக்கொள்ளலாம் என்றார். சிவகாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் இருக்கும் ஊரில் கடை ஸ்னோவா?

“மாஸ்டர், வெள்ளக்காரன் போறான். போகும்போது நல்ல சாமான் பூராத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடுவான். நம்மகிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். அத இன்னைக்குப் போடாம என்னைக்குப் போடப்போறோம்?”

என்ன பேச்சு! கைதட்டினோம். சுதந்திரத்தைக் கொண்டாட வெள்ளைக்காரன் விட்டுப்போன ஸ்னோதான் வேண்டும் என்று பத்துத் தாய்மார்கள் ஒருமனதாகக் கை தூக்கினோம். என் கையும் மேலே இருந்தது. நானா சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தது, ஆனால் தூக்கிய கையை எப்படி இறக்குவது?

இருபத்தெட்டாம் தேதி சாயந்திரம் பள்ளிக்கூடத்தில் முழு அலங்காரத்தோடு ஒத்திகை. சிவகாமி வரிசையாகப் பிள்ளைகளை உட்கார வைத்து, இந்தத் தடவை விரல் நுனி என்று பார்க்காமல், அரைத்து வைத்திருந்ததை முகம் முழுக்கப் பூசினாள். பிள்ளைகள் எரியுது எரியுது என்று துள்ளின. “அடங்குங்கடி, வேல செய்யுது” என்று நாங்களே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டோம். அஞ்சலை கையை நான்தான் பிடித்திருந்தேன். சீதாவுக்கு வீட்டிலேயே பூசியாகிவிட்டது என்றாள் சிவகாமி. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அஞ்சலை முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நெற்றியும் கன்னமும் சிவந்து தடித்து, பொடிப் பொடியாகக் கொப்புளம். உதடு வீங்கி ஒரு பக்கம் இழுத்திருந்தது. அழக்கூட முடியவில்லை, அழுதால் தோல் எரிந்தது. மற்ற வீடுகளிலும் அதே கதை. ஒன்பது தாய்மார்களும் ஒன்பது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சிவகாமி வாசலுக்கு வந்து சேர்ந்தோம். விஷயம் தெரிந்து மாஸ்டரும் ஓடிவந்தார். ஊர் முகத்தில் விழிக்க இரண்டு நாள்தான் இருந்தது, எங்களிடம் ஊருக்குக் காட்டும்படி ஒரு முகம்கூட இல்லை.

ஒன்றைத் தவிர. சிவகாமி வாசற்படியில் உட்கார்ந்து சீதாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீதாவின் முகம் கழுவி வைத்த வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

“ஒம்மவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல?” என்று யாரோ கேட்டார்கள்.

“எம்மவ சின்னதுலேர்ந்து போட்டுப் பழகின மூஞ்சி. ஒங்க புள்ளைங்களுக்கு ஒடம்புச் சூடு” என்றாள் சிவகாமி, பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. கேட்காமல் அவள் வீட்டுக்குள் போனேன். கண்ணாடி மேசை மேல் இரண்டு புட்டி. ஒன்று பட்டுத் துணியில் மயில். இன்னொன்று சிவப்பு மூடி போட்ட புதுசு, கால்வாசி காலி. அதை எடுத்து அடியைத் திருப்பினேன். பென்சிலில் நானாவின் சாய்ந்த எழுத்து. இருபது, எட்டு, ஐம்பத்தேழு.

வாசலுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினேன். அந்தப் பென்சில் எழுத்தைத் தெரியாதவர்கள் அங்கே ஒருத்தரும் இல்லை. இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாகத் தெரியுமோ? தெரிந்தேதான் தன் முகத்தில் ஒரு நாளும் போட்டதில்லை, தெரிந்தேதான் எங்கள் பிள்ளைகள் முகத்தில் பூசியிருக்கிறாள்.

“அது அவரு சவரம் பண்ணிட்டுப் போட வாங்கினது” என்றாள்.

ராஜரத்தினம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். மூன்று நாள் தாடி. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

“மாஸ்டர், இவ பொண்ணு முன்னால நிக்கக்கூடாது. எங்க புள்ளைங்க மூஞ்ச இப்படி ஆக்கிட்டு இவ மவ மட்டும் மினுக்கிக்கிட்டுக் கொடி புடிக்கறதா?” என்றேன். சொன்னது நான்தான். மற்ற எல்லோரும் ஆமாம் என்றார்கள். மாஸ்டர் கையைப் பிசைந்தார். சீதா எங்களையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சிவகாமி சொல்லியிருக்கலாம். கெட்டுப்போனது என்று தெரியும், பெயர் போய்விடுமே என்று மறைத்தேன் என்று சொல்லியிருந்தால் நாங்கள் நாலு வசவு வைதுவிட்டு விட்டிருப்போம். பதினோரு வருஷத்து முன்வரிசைப் பாயை அப்படி லேசில் விட அவளுக்கு மனசு வரவில்லை. எழுந்து உள்ளே போனாள். மயில் புட்டியோடு திரும்பி வந்தாள். மூன்று விரலை உள்ளே விட்டு வழித்து, நெற்றி, கன்னம், கண்ணைச் சுற்றி, கழுத்து வரைக்கும் அப்பினாள்.

“பாத்துக்குங்க. இதுல விஷம் இருந்தா எனக்கு வரட்டும். எம்மவ முன்னால நிப்பா.”

“அம்மா வேணாம்மா! அத போடாதம்மா!” என்று சீதா வீரிட்டாள். அந்தக் குரலிலேயே அந்தப் பிள்ளைக்கும் எல்லாம் தெரியும் என்று விளங்கிப்போனது. சிவகாமி மகளை ஒரு கையால் தள்ளிவிட்டு, இன்னொரு தடவை வழித்துப் பூசினாள். எரிச்சலில் தாடை நடுங்கியது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது? மாஸ்டர், சீதாவே நிற்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒரு ரோஸ் நிற மருந்துத் தண்ணீரைக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு இளம் தோல், இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. மிச்சமிருந்த சிவப்பைப் பவுடரால் மூடினோம். சிவகாமிக்கு வடியவில்லை. முப்பதாம் தேதி அவள் முகம் பலாப்பழமாகிவிட்டது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. வெயிலும் தூசியும் படக்கூடாது, ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார். வந்தாலும் அவளால் எதையும் பார்த்திருக்க முடியாது.

மெர்டேக்கா அன்று திடலில் நான் முன்வரிசையில் நின்றேன். அவள் இருந்திருந்தால் அவள் நின்றிருக்கும் இடம். சீதா கொடியோடு வந்தாள். பின்னால் ஒன்பது கோலாட்டக் கம்புகள் ஒரே சத்தமாக விழுந்தன. அந்தப் பிள்ளை ஓர் அடி தப்பவில்லை. திரும்பும்போது கொடியைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள், மலாய்க்காரர்களும் சீனர்களும் எழுந்து கைதட்டினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிவகாமி வீட்டில் கிடக்கிறாள் என்பதும் நினைவுக்கு வந்தது, நன்றாக வேண்டும் என்று சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டு ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

“பாக்கியம். பாக்கியலட்சுமி.”

நின்றேன்.

“எம்புள்ள நல்லா ஆடினாளா? அவரு நல்லா ஆடினாள்னுதான் சொல்லுவாரு. அவருக்கு அவ என்ன செஞ்சாலும் நல்லதுதான். நீ சொல்லு.”

அந்தக் குரலில் ஸ்னோக்கா இல்லை. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அஞ்சலையின் கன்னத்தில் பவுடர் உதிர்ந்து சிவப்புத் தடிப்பு தெரிந்தது.

“கூட்டத்துல சரியாத் தெரியலக்கா” என்றேன்.

ஜன்னல் மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு சிவகாமியை ஒருவரும் விசேஷத்துக்கு அழைக்கவில்லை. முகம் ஆறியது, இடது கன்னத்தில் மட்டும் கறுப்பாக ஒரு தேமல் நின்றுவிட்டது. மயில் புட்டிகளை அவள் என்ன செய்தாள் என்று தெரியாது. ஒரு நாள் காலையில் எங்கள் கோழிகள் அவள் வீட்டுக் கொல்லை மூலைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன், அங்கே கொட்டியிருப்பாள். விவரமான கோழிகள். ஊர் திருந்திவிட்டது, இனி இந்தக் கூத்தெல்லாம் நடக்காது என்று நானும் நம்பினேன்.

ஊர் திருந்தவில்லை. கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டது. சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆவதற்குள், கடையில் எதைத் தொட்டாலும், இது மெர்டேக்காவுக்கு முந்தினதா பிந்தினதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். குடையும் கத்தரிக்கோலும் திரும்ப ஒரு தடவை பிறந்து வளர்ந்து மூப்படைந்தன.

அறுபத்துமூன்றில் சீதாவுக்குக் கல்யாணம். அடுத்த வீடு, போகாமல் இருக்க முடியாது. பெண்ணை அலங்கரிக்கிற அறையில் பத்துப் பதினைந்து பெண்கள். கொப்புளம் கண்ட பிள்ளைகளின் தாய்மார்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். சிவகாமி உள்ளே வந்தாள். கையில் பட்டுத் துணி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

துணியை மெல்லப் பிரித்தாள். மயில் இல்லை. சிவப்பு மூடி.

“மெர்டேக்காவுக்கு முந்தின சாமான்” என்றாள். “நம்பாதவங்க அடியில பாருங்க. இருபது, எட்டு, அம்பத்தேழு. வெள்ளக்காரன் கொடி எறங்கறதுக்குப் பதினோரு நாளைக்கு முந்தி.”

புட்டி கை மாறி வந்தது. எந்த நாளில் தூக்கிப்போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள நானா போட்ட குறியை, பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திருப்பிப் பார்த்து, “ஆமா, போட்டிருக்கு” என்று பயபக்தியோடு தலையாட்டினார்கள். சீதா அவசரமாகத் தன் முகத்துக்குத் தானே பவுடர் போட்டு முடித்துவிட்டாள். மற்றவர்கள் சிவகாமியின் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். கன்னத்தை நீட்டினார்கள். புத்தி இருந்தால் நான் எழுந்து போயிருக்க வேண்டும். வரிசையில் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது. விரல் நுனியால் தொட்டு என் கன்னத்தில் வைத்தாள். அவள் முகம் எனக்கு அத்தனை பக்கத்தில் வந்து ஆறு வருஷமாகியிருந்தது. தேமலைப் பார்த்தேன்.

“அக்கா” என்றேன் மெதுவாக. “அன்னைக்குத் திடல்ல நான் முன்வரிசையிலதான் நின்னேன். சீதா ஒரு அடி தப்பல. கொடியத் தலைக்கு மேல சுத்தினா. ஊரே எந்திரிச்சுக் கைதட்டிச்சு.”

சிவகாமியின் விரல் என் கன்னத்திலேயே நின்றுவிட்டது. கண் நிறைந்து, வழியாமல் நின்றது.

“இத ஆறு வருஷமா மூடி வச்சிருந்தியா, பாக்கியம்?” என்றாள்.

என் கன்னம் எரிய ஆரம்பித்திருந்தது.